பதினேழாவதுக்கு ‘பி’ போட்டவர்

நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் போடாத விடையை ஒருவர் மட்டும் போட்டிருந்தார். அந்த ஒருவர் தன் அண்ணியாகவா இருந்து தொலைக்க வேண்டும் என்று புள்ளி நொந்துகொண்டாள்.

புள்ளி என்பது பட்டப்பெயர். நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தரும் மையம் ஒன்றில் கணக்குக் கேள்விகள் தயாரிப்பது அவள் வேலை. தசமப் புள்ளி ஒன்று இடம் மாறியிருந்தாலும் மூன்று பக்கம் தள்ளியே மோப்பம் பிடித்துவிடுவாள். மையத்தின் அச்சு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் அச்சுக்காரர்தான் முதலில் அப்படிக் கூப்பிட்டார். அவள் கோபமாக வருகிற நாளில் மட்டும் அது ‘பெரும்புள்ளி’ ஆகிவிடும். அண்ணி அங்கே படிக்கச் சேர்ந்ததும் பெயர் வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது கூடப்பிறந்த அண்ணனே புள்ளி என்றுதான் அழைக்கிறான்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு இயக்குநர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவையும் சாத்தச் சொன்னார். அவர் கதவைச் சாத்தச் சொன்னால் யாருக்கோ சீட்டுக் கிழியப்போகிறது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

விஷயம் ஞாயிற்றுக்கிழமை நடந்த மாதிரித் தேர்வைப் பற்றியது. அதில் முதல் இருபது இடம் பிடிப்பவர்களுக்குத்தான் கடைசி ஏழு வாரப் பயிற்சி வகுப்பு. முப்பது கேள்விகளும் ‘தகவல் போதுமா’ வகை. மற்ற கணக்குகளில் விடையைக் கண்டுபிடிக்க வேண்டும், இதில் வேண்டாம். ஒரு கேள்வி, அதன் கீழே இரண்டு தகவல்கள். விடை காண அந்தத் தகவல்கள் போதுமா என்று மட்டும் சொல்ல வேண்டும். முதல் தகவல் மட்டுமே போதும் என்றால் ‘ஏ’. இரண்டாவது மட்டுமே போதும் என்றால் ‘பி’. இரண்டும் சேர்ந்தால்தான் என்றால் ‘சி’. எது ஒன்று கிடைத்தாலும் போதும் என்றால் ‘டி’. எல்லாம் சேர்ந்தும் போதாது என்றால் ‘இ’. கேட்கும்போது எளிதாகத்தான் இருக்கும். எழுத உட்கார்ந்தால் தலை கிறுகிறுத்துவிடும்.

வம்பு பதினேழாவது கேள்வியில் வந்தது. ஒரு வண்டியில் இருபத்து மூன்று கிலோ பார்சல்களும் பதினேழு கிலோ பார்சல்களும் ஏற்றியிருக்கிறார்கள். பதினேழு கிலோ பார்சல் எத்தனை? முதல் தகவல்: மொத்த எடை இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ. இரண்டாவது தகவல்: மொத்தம் பத்துப் பார்சல்கள்.

அவசரக்காரர்கள் இரண்டும் வேண்டும் என்று ‘சி’ போட்டுவிடுவார்கள். உட்கார்ந்து போட்டுப் பார்த்தால், அரைப் பார்சல் கால் பார்சல் என்று ஏற்ற முடியாதல்லவா, அந்த எடைக்கு ஒரே ஒரு வழிதான் உண்டு: சின்னது மூன்று, பெரியது ஏழு. ஆக, முதல் தகவல் மட்டுமே போதும். சரியான விடை ‘ஏ’. ஆனால் புள்ளி தயாரித்துக் கொடுத்த விடைப்பட்டியலில், அங்குள்ளவர்கள் பேச்சில் ‘கீ’யில், ‘பி’ என்று இருந்தது.

மாணவர்கள் திங்கட்கிழமையே சண்டைக்கு வந்துவிட்டார்கள். பத்துப் பார்சல் என்று மட்டும் தெரிந்தால் அதில் சின்னது எத்தனை என்று எந்த ஜோசியக்காரர் சொல்வார் என்று ஒருவன் கேட்டான். புள்ளிக்கு உடனே புரிந்துவிட்டது. பதினைந்தாவதுக்கும் பதினாறாவதுக்கும் ‘பி’தான் விடை. பதினேழாவதுக்கும் ‘பி’யே வந்திருந்தது. ஒரே எழுத்து மூன்று முறை அடுத்தடுத்து வந்தால் பிள்ளைகள் ஊகித்துப் போட ஆரம்பிப்பார்கள் என்று அவளுக்கு ஒரு கணக்கு. அதனால் சனிக்கிழமை காலை, அச்சுக்குப் போவதற்குச் சற்றுமுன், பதினேழாவதில் இரண்டு தகவல்களையும் மேலும் கீழுமாக மாற்றிப் போட்டாள். எடை முதலில் வந்தது, எண்ணிக்கை இரண்டாவதானது. விடை ‘ஏ’ ஆகிவிட்டது. கீயை மாற்ற மறந்துவிட்டாள்.

தவறை ஒத்துக்கொண்டு திருத்திக் கொடுத்தாயிற்று. அதோடு முடிந்தது என்று நினைத்தாள். முடியவில்லை.

இயக்குநர் ஒரு தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பதினேழாவதுக்கு ‘சி’ போட்டவர்கள் இருபத்திரண்டு பேர். ‘ஏ’ போட்டவர்கள் பதினைந்து. ‘இ’ இரண்டு. ‘பி’ ஒன்று. வரிசை எண் பதினான்கு.

“கீ தப்புன்னு ஒத்துக்கிட்டீங்க. சரி, மனுஷங்கதானே. ஆனா உங்க தப்போட ஒருத்தங்க மட்டும் எப்படிம்மா ஒத்துப்போனாங்க?” என்றார்.

பதினான்காம் எண் அண்ணி. பழைய கீப்படி அவளுக்கு முப்பதுக்கு முப்பது. முந்தைய தேர்வில் வாங்கியதோ இருபத்திரண்டு.

நாளைக் காலை பத்து மணிக்குப் பட்டியல் ஒட்டியாக வேண்டும் என்றார் இயக்குநர். அதற்குள் இதற்கு ஒழுங்கான விளக்கம் வந்தால் சரி. வராவிட்டால் பதினான்காம் எண்ணை அடித்துவிட்டு, மையத்தை விட்டும் அனுப்பிவிடுவாராம். சொந்தக்காரர் என்பதற்காகத் தன்னால் கண்ணை மூடிக்கொள்ள முடியாது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

அண்ணிக்கு அந்த வகுப்பு என்பது சும்மா இல்லை. மருத்துவமனை மருந்தகத்தில் ஒன்பது வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். மேற்படிப்பு முடித்தால்தான் நிர்வாகப் பக்கம் நகர முடியும் என்று சம்பளமில்லாமல் மூன்று மாதம் விடுப்பு கேட்டு வாங்கியிருந்தாள். இன்னொரு முறை கேட்டால் ஒரேயடியாக வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று மேலாளர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். இந்த ஒரு தடவைதான். விட்டால் போயிற்று.

பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது புள்ளியின் மனம் தானாகவே துப்பறிய ஆரம்பித்துவிட்டது. கேள்வித்தாளையும் கீயையும் மையத்தை விட்டு வெளியே எடுத்துப் போகக் கூடாது என்பது விதி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் அந்த விதியை மீறியிருந்தாள். அச்சுக்காரர் போட்டுக் கொடுத்த சோதனைப் பிரதியையும் கீயையும் பச்சைக் கோப்பில் வைத்து, வீட்டில் நிம்மதியாக ஒருமுறை பார்க்கலாம் என்று எடுத்து வந்தாள். மூன்று ‘பி’ வரிசையாக வருவதைக் கண்டுபிடித்ததே வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான். அதன் பிறகு கோப்பு இரவெல்லாம் கைப்பையில். கைப்பை கூடத்து நாற்காலியில்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் கைப்பையின் ஜிப் மூடியிருந்தது. புள்ளி ஒருநாளும் அதை முழுக்க மூடுகிறவள் இல்லை. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது அந்த ஜிப் கண்ணுக்குள்ளேயே நின்றது. போதாக்குறைக்கு, வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது, இந்தத் தடவை எடைக் கணக்கெல்லாம் வருமா என்று அண்ணி சிரித்துக்கொண்டே கேட்டதும் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அது வேடிக்கைப் பேச்சு. இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் ஆழம் பார்த்த மாதிரி இருந்தது.

வீட்டில் அண்ணி தன் அறையில் மேசை நிறையத் தாள்களைப் பரப்பிக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். புள்ளியைக் கண்டதும் டீ போடட்டுமா என்று கேட்டாள். என்றைக்கும் இல்லாத உபசாரமாக இருக்கிறதே என்று புள்ளிக்குத் தோன்றியது. உண்மையில் அண்ணி அதைத் தினமும்தான் கேட்பாள்.

புள்ளி ஒரு பொறி வைத்தாள். பழைய தாள் ஒன்றின் மேல் ‘அடுத்த தேர்வு, கீ’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, பச்சைக் கோப்பில் வைத்து, கோப்பைச் சாப்பாட்டு மேசையில் போட்டாள். மூடியின் இடுக்கில் ஒரு நூல். யாராவது திறந்தால் நூல் விழுந்துவிடும். முகம் கழுவப் போகிறேன் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பத்து நிமிடம் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றாள்.

வந்து பார்த்தபோது நூல் தரையில் கிடந்தது. கோப்பு மேசையின் மறு ஓரத்தில் இருந்தது. குனிந்து பார்த்தால், கோப்பின் நட்ட நடுவில் வட்டமாக ஈரத் தடம். அந்த வட்டத்துக்குச் சொந்தக்காரனான அண்ணன், வேலையிலிருந்து வந்த சட்டையோடு, சூடான டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். மேசையில் சூடு படாமல் இருக்க அடியில் வைக்க ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தானாம். நல்ல தடித்த அட்டையாக இருந்ததாம். இதுக்குப் போய் ஏன் இப்படி முறைக்கிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை.

பொறி பல்லிளித்துவிட்டது. அண்ணி அறையை விட்டு வெளியே வரவே இல்லை. ஆனாலும் சந்தேகம் என்பது ஒருமுறை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் வாடகைக்கு வந்தவரைப் போல லேசில் காலி செய்யாது. உஷாராகிவிட்டாளோ என்றுதான் அடுத்துத் தோன்றியது.

அண்ணன் கடைக்குப் போனதும் புள்ளி நேராக அண்ணியின் அறைக்குப் போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்: கீ தப்பானது, அதே தப்பை ஒரே ஒருவர் போட்டிருப்பது, அந்த ஒருவர் யார் என்பது, நாளைக் காலை பத்து மணி. சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள்.

“அண்ணி, என் பையைத் திறந்தீங்களா?”

“திறந்தேன்” என்றாள் அண்ணி.

நாற்காலியைப் புள்ளி பக்கம் திருப்பிக்கொண்டு தொடர்ந்தாள்.

“சனிக்கிழமை காலையில. பை வாயைப் பிளந்துட்டுக் கிடந்துச்சு, உன் சாப்பாட்டு டப்பாவை உள்ள வெச்சு ஜிப்பை மூடினேன். தினமும்தான் வெக்கிறேன். உன் டப்பா தானா நடந்து வந்து பைக்குள்ள உக்காந்துக்குதுன்னு நெனச்சியா?”

புள்ளி டப்பா பேச்சை அங்கேயே விட்டாள். பதினேழாவதுக்கு ‘பி’ எப்படி வந்தது என்று மட்டும் விடாமல் கேட்டாள். அண்ணி அந்தக் கேள்வியைக் காட்டச் சொன்னாள். புள்ளி கொண்டுவந்திருந்த கேள்வித்தாளைப் பிரித்துக் கொடுத்தாள். அண்ணி இரண்டு தடவை படித்தாள். நெற்றி சுருங்கியது.

“இது நான் எழுதின கேள்வி இல்ல, புள்ளி. எனக்கு வந்ததுல பத்துப் பார்சல்ங்கிறது முதல்ல இருந்துச்சு. எடை ரெண்டாவது. அதான் ‘பி’ போட்டேன்.”

அவ்வளவுதான். புள்ளியின் மனத்தில் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. தகவல்கள் அந்த வரிசையில் இருந்தது ஒரே ஒரு இடத்தில்: பச்சைக் கோப்பிலிருந்த சோதனைப் பிரதியில். சனிக்கிழமை மாற்றிய பிறகு அந்தப் பழைய வரிசையை உலகத்தில் யாரும் பார்த்திருக்க வழியில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன வார்த்தையே அண்ணியைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று நினைத்தாள். வாய்விட்டும் சொல்லிவிட்டாள்.

அண்ணி கத்தவில்லை, அழவும் இல்லை. தன் தாள் மற்றவர்களுடையதைப் போல இரண்டு பக்கமும் அச்சாகவில்லை என்றாள். பின்பக்கமெல்லாம் காலியாக இருந்ததாம். கணக்குப் போட இடம் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டாளாம். கேள்வித்தாள்களை எல்லாம் திரும்ப வாங்கித்தானே வைத்திருக்கிறார்கள், போய் எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு மறுபடி மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பழைய தாள்களைப் புதன்கிழமை காலையில் அரைக்கும் வண்டி வந்து அள்ளிப்போகும் என்பது மையத்தில் எல்லோருக்கும் தெரியும். அது தெரிந்துதான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறாளோ? புள்ளி அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணன் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நமக்கேன் வம்பு என்று தட்டைக் கழுவி வைத்தான்.

புதன்கிழமை ஏழரை மணிக்கே புள்ளி மையத்தில் இருந்தாள். பின்கட்டு அறையில் அச்சுக்காரர் மூட்டைகளைக் கட்டி வாசலுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். பெரும்புள்ளி விடியற்காலையிலேயே தரிசனம் தருகிறாரே என்று கிண்டல் செய்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கட்டிய மூட்டையை அவிழ்த்துக் கொடுத்தார். ஒன்பது மணிக்கு வண்டி வந்துவிடும் என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைத் தாள்கள் ஒரே கட்டாக இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் வரிசை எண். தரையில் உட்கார்ந்து எண்ணினாள். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினைந்து. மறுபடி எண்ணினாள். முப்பத்தொன்பதுதான் இருந்தது. எல்லாமே இருபக்க அச்சு. பதினான்கு மட்டும் இல்லை.

இனி என்ன வேண்டும்? தாளையும் வெளியே கொண்டுபோய்விட்டாள். கொண்டுபோய்விட்டு, போய்த் தேடு என்று வேறு சொல்லியிருக்கிறாள். ஒன்பது வருடம் ஒரே வீட்டில் ஒரே பானையில் சாப்பிட்டவளை இவ்வளவுதானா தெரிந்து வைத்திருக்கிறோம் என்று புள்ளிக்குக் கண் கரித்தது. இயக்குநரிடம் என்ன வார்த்தையில் சொல்வது என்று மனத்துக்குள் கோக்க ஆரம்பித்துவிட்டாள்.

அப்புறம், சும்மா ஒப்புக்குத்தான், நாற்பது பிரதியும் சரியாக ஓட்டினீர்களா என்று அச்சுக்காரரிடம் கேட்டாள்.

“முப்பத்தொம்பதுதான் ஓட்டினேன்” என்றார் அவர், பெருமையாக. “வெள்ளிக்கிழமை டெஸ்ட்டுக்கு ரெண்டு போட்டேன்ல? ஒன்னு நீங்க எடுத்துட்டுப் போனீங்க. இன்னொன்னு தட்டுலயே சுத்தமா கெடந்துச்சு. எதுக்கு வீணாக்கணும்னு அதையும் சேத்து நாப்பதாக்கிட்டேன்.”

புள்ளி எழுந்து நின்றுவிட்டாள். சோதனைப் பிரதி எப்போதும் ஒரு பக்க அச்சு. பின்பக்கம் காலி.

அந்தத் தாள் இப்போது எங்கே என்று கேட்டாள். அச்சுக்காரர் தலையைச் சொறிந்தார். பின்பக்கம் காலியாக இருக்கிற தாள் எது கண்ணில் பட்டாலும் அவர் அரைக்கக் கொடுக்க மாட்டார். இரண்டாக வெட்டி, மேலே பின்னடித்து, அலுவலகத்துக்குக் குறிப்பு அட்டையாக்கிவிடுவார். திங்கட்கிழமை வெட்டிய கட்டு ஒன்று வரவேற்பு மேசையில், ஒன்று இயக்குநர் அறையில், ஒன்று அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது.

மூன்றையும் பிரித்து மேசையில் பரப்பினார்கள். முதல் பக்கத்தின் மேல்பாதி வரவேற்பு மேசையிலிருந்து கிடைத்தது. அதன் தலையில் பதினான்கு என்று அண்ணியின் சாய்ந்த எழுத்து. பதினேழாவது கேள்வி இருந்த பாதி அச்சுக்காரரின் சட்டைப் பைக்குள். அதன் பின்பக்கத்தில் மை வாங்கவும் பல் வைத்தியரைப் பார்க்கவும் என்று அவரே எழுதியிருந்தார். முன்பக்கத்தில் முதல் தகவல்: மொத்தம் பத்துப் பார்சல்கள். இரண்டாவது: மொத்த எடை. ஓரத்தில் பென்சிலில் பொடி எழுத்துகளாக, இருபத்து மூன்றை ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்துப் பதினேழால் வகுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்த கணக்கு. ஏழாவது படியில் ஐம்பத்தொன்று. அதைச் சுற்றி ஒரு வட்டம். களவாகக் கீயைப் பார்த்தவள் ஏழு தடவை உட்கார்ந்து கழித்துக்கொண்டிருக்க மாட்டாள்.

ஒன்பதரைக்குப் புள்ளி இயக்குநர் அறைக்குப் போனாள். இந்த முறை கதவைத் தானே சாத்தினாள். பாதித் தாள்களை மேசையில் சேர்த்து வைத்து, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். கோப்பை வீட்டுக்கு எடுத்துப் போனதையும் சேர்த்துத்தான். அதைச் சொல்லாமலே அண்ணியைக் காப்பாற்றியிருக்கலாம்; அது தெரிந்துதான் சொன்னாள். நேற்று ஒருத்தியைத் திருடி என்று சொன்ன வாய் இன்று பாதி உண்மையோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை.

இயக்குநர் பல் வைத்தியர் குறிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினான்காம் எண்ணுக்கு வந்த தாளின்படி ‘பி’ சரி என்று பச்சை மையில் குறித்தார். பட்டியலில் முதல் பெயர் அண்ணியுடையது. அடுத்த வரியிலேயே புள்ளியின் கணக்கையும் முடித்தார்: தேர்வு முடிகிற வரை கேள்வித்தாள் பக்கம் வர வேண்டாம், வாசல் மேசையில் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளட்டும்.

பத்து மணிக்கு அண்ணி வந்தாள். தேதி போட்ட புது நோட்டும் கையில் பேனாவுமாக, வகுப்பு உண்டோ இல்லையோ என்று தெரியாமலே வந்திருந்தாள். புள்ளி வாசலிலேயே நிறுத்திச் சொன்னாள். சோதனைப் பிரதி, வெட்டிய தாள், அச்சுக்காரரின் சட்டைப் பை. தன் வேலை இடம் மாறியதை மட்டும் சொல்லவில்லை. கடைசியில், மன்னிச்சிருங்க அண்ணி என்றாள்.

அண்ணி கொஞ்ச நேரம் பட்டியலில் தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தத் தாள் கெடைக்காமப் போயிருந்தா?” என்று கேட்டாள்.

புள்ளி பட்டியலின் நழுவிய ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டினாள்.

“நீ அச்சுக்காரரைக் கேக்காமலே விட்டிருந்தா? அவர் அதுலயே டீயைக் கொட்டியிருந்தா? நான் சொன்னது மட்டும் உனக்குப் போதாது. அப்படித்தானே?” குரலில் கோபம் இல்லை. கடையில் பொருளின் விலை கேட்கிற மாதிரிதான் கேட்டாள். “உடனே சொல்ல வேணாம். யோசிச்சுச் சொல்லு. ஆனா சொல்லு.”

மணி அடித்தது. அண்ணி உள்ளே போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். புள்ளி பதிவேட்டைத் திறந்து வாசலில் நின்றபடி ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டாள். பதினான்கு என்றதும், இருக்கிறேன் என்று குரல் வந்தது. நோட்டில் முதல் கணக்கை எழுதிக்கொண்டிருந்த தலை நிமிரவில்லை. புள்ளி அந்த எண்ணுக்கு நேரே டிக் போட்டுவிட்டு, அடுத்த எண்ணைக் கூப்பிடச் சற்று நேரம் எடுத்துக்கொண்டாள்.